மூன்று வார வாழைத்தண்டுச் சாறு

"...ஒரு நாள்கூட விடாம குடிச்சா கல்லு தானா கரைஞ்சிடும், இன்னா?" என்று பக்கத்து வீட்டு மேரி அக்கா அன்றும் என்னைத் தன் வாசலில் நிறுத்தி வாழைத்தண்டுச் சாற்றை நீட்டினார்.

எனக்குச் சிறுநீரகக் கல்லே இல்லை. சினைப்பையில் நீர்க்கட்டி. அதற்குள் கெட்டியாகவும் ஏதோ தெரிகிறது, உடனே ஸ்பெஷலிஸ்டைப் பாருங்கள் என்று சேலையூர் டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாத்துட்டுப் போகட்டும்டி. அதுவரைக்கும் யார் கேட்டாலும் கிட்னில கல்லுன்னு சொல்லு" என்றார் அம்மா. சொன்னேன். வேலைக்குப் போகிற எனக்குத் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகத் தெரியாதா? அம்மாவைச் சாக்காக வைத்துக்கொண்டு நானும்தான் பயந்து கிடந்தேன்.

அக்காவோ தினமும் தாம்பரம் மார்க்கெட்டில் தண்டு வாங்கி, நார் எடுத்து அரைத்துக்கொண்டிருந்தார். அன்று டம்ளரை வாங்கக் கை வரவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அடிப்பாவி! இல்லாத கல்லுக்கா மூணு வாரமா நார் உரிச்சிகினு இருந்தேன்?" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "ஸ்கேன் ரிப்போர்ட்ட எடு. செருப்ப மாட்டு."

யாருக்கும் தெரியக்கூடாது என்று நடுங்கிய எனக்கு, ஒருவருக்குத் தெரிந்த பிறகுதான் மூச்சு சீராக வந்தது. அக்கா சாற்றைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினார். பிறகு எங்கள் காலிங்பெல்லில் வைத்த விரலை, அம்மா கதவைத் திறக்கும்வரை எடுக்கவே இல்லை.