ஆறு படகுகள், மூன்று கிளிப்புகள்

முதல் நாள் மாலை அவளுடைய லைஃப் ஜாக்கெட்டில் பதினோரு துணிக் கிளிப்புகள் தொங்கின. கொடியில் ஈரத்துணி பறக்காமல் இருக்கப் போடுகிற அதே பிளாஸ்டிக் கிளிப்புகள்தான். சிவப்பு, பச்சை, நீலம். ஜாக்கெட்டில் இடம் போதாமல் பன்னிரண்டாவதை ஒரு பிள்ளை அவள் சட்டைக் கையில் மாட்டிவிட்டது. அதைக் கழற்ற மறந்து பஸ் ஏறிவிட்டாள். கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: “என்னம்மா, உன்னையே காயப் போட்டுட்டாங்களா?”

கிட்டத்தட்ட அதுதான் நடந்திருந்தது.

ஊர் முடிகிற இடத்தில் ஒரு ஏரி. கரையில் தகரக் கூரை போட்ட கொட்டகை, மரப்பலகை அடித்த படகுத்துறை, சுவரோரம் கவிழ்த்து அடுக்கிய குட்டிப் பாய்மரப் படகுகள். ஒவ்வொன்றும் குளியல் தொட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு படகுக்கு ஒரு பிள்ளை, ஒரு பாய், ஒரு சுக்கான். விடுமுறையில் நான்கு வாரம் எட்டு வயது முதல் பதினோரு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இங்கே படகு ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவளுக்கு இருபத்தொரு வயது. இன்னும் சான்றிதழ் வாங்காத பயிற்சி ஆசிரியை. ஆறு பிள்ளைகளை அவள் பொறுப்பில் விட்டிருந்தார்கள்.

கிளிப் விஷயம் அந்தப் பள்ளிக்கே உரிய ஏற்பாடு. படகுத்துறை முனையில் ஒரு பழைய பெயின்ட் டப்பா நிறையக் கிளிப்புகள் இருக்கும். பிள்ளை கேட்காமல் பிள்ளையின் வேலையைப் பயிற்சி ஆசிரியை செய்துவிட்டால், அந்தப் பிள்ளை போய் ஒரு கிளிப் எடுத்துவந்து ஆசிரியையின் ஜாக்கெட்டில் மாட்டும். சிக்கிய கயிற்றை எடுத்துவிட்டால் ஒன்று. சுக்கானைத் தொட்டுத் திருப்பினால் ஒன்று. மோட்டார் படகில் போய் இழுத்துவந்தால் ஒன்று. ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. உதவி வேண்டுமா என்று ஒரு தடவை கேட்கலாம். இரண்டாவது தடவை கேட்டால் அதற்கும் கிளிப்.

கடைசி சனிக்கிழமை வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். ஆறு பிள்ளைகளும் தனித்தனியாக மஞ்சள் மிதவையைச் சுற்றிவந்து தங்கள் படகைத் தாங்களே கட்டவேண்டும். அன்றைக்கு மூன்று கிளிப் வரை மன்னிப்பு உண்டு. நான்காவது விழுந்தால் ஆசிரியைச் சான்றிதழ் கிடையாது. தேர்வு வருடத்துக்கு ஒரு தடவைதான்.

அவளால் ஒரு வருடம் காத்திருக்க முடியாது. காரணம், வீட்டில் ஒரு நாற்காலி.

அவள் அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஒரு வெள்ளைக் கார், ஒரு சின்ன அறை, சுவர் முழுக்கச் சாலைக் குறியீட்டுப் படங்கள். அறையில் விண்ணப்பங்களை நிரப்புகிற நாற்காலியில் இருபது வருடமாக அம்மா உட்கார்ந்திருக்கிறாள். அம்மாவுக்கு அதிலிருந்து எழுந்தால் போதும் என்றிருந்தது. மகளை உட்காரவைத்துவிட்டுத் தையல் கடை போடப்போவதாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். கடைசியில் ஒப்பந்தம் இப்படி முடிந்தது: இந்தப் பருவத்தில் சான்றிதழ் வாங்கினால் ஏரி, இல்லாவிட்டால் நாற்காலி.

அப்பாவுக்குப் படகு என்றாலே ஒரு சந்தேகம். அவருடைய காரில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் தடுமாறினால் அவர் மிதித்துவிடுவார். கற்றுக்கொள்பவர் தடுமாறாவிட்டாலும் மிதித்துவிடுவார். முதல் வாரம் சாப்பிடும்போது கேட்டார்.

“உங்க படகுல ரெண்டாவது பிரேக் இருக்கா?”

“முதல் பிரேக்கே இல்லப்பா.”

அன்று அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

பரபரக்கிற கை அவளுக்கு அவரிடமிருந்துதான் வந்திருக்கவேண்டும். இரண்டாம் நாள் ஒன்பது கிளிப். காற்று பலமாக இருந்த நான்காம் நாள் பதினான்கு. பிள்ளைகளுக்கு இது படகைவிடப் பெரிய விளையாட்டாகிவிட்டது. அவளுக்குக் ‘கிளிப் அக்கா’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஆறு பேரில் இருந்த இரட்டையர் இருவரும் வேண்டுமென்றே கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு அவள் கை எப்போது நீளும் என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீளும்.

தலைமைப் பயிற்சியாளரை எல்லோரும் ‘கோச்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பதைத் தாண்டாத பெண். கத்திக் கத்திக் குரல் போய், பாதிப் பேச்சை விசிலிலேயே முடித்துவிடுவாள். அவள் ஒரு நாள் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள்: “உனக்கு ரெண்டு கை இல்ல, பதினாலு கை. அதுங்க ஆறு பேர் கையும் உன்னுதுன்னு நெனச்சிட்டிருக்க. மோட்டார் படகை நிறுத்திட்டுப் பாக்குறப்ப உன் கை மேலேயே உட்காரு.”

உட்கார்ந்தாள். கை மரத்துப்போனது, கிளிப் ஆறாகக் குறைந்தது.

ஆறு பேரில் இரண்டு பேர் அவளைத் தூங்கவிடவில்லை. ஒருவன் ‘கேள்வி’. ஒன்பது வயது. காற்று எங்கிருந்து வருகிறது என்று சொன்னால், அதற்கு முன்னால் அது எங்கே இருந்தது என்று கேட்பான். இன்னொருத்தி ‘தொப்பி’. எட்டு வயது. புருவம் வரை இறக்கிய நீலத் தொப்பி. அவள் அதிகம் பேசியது ஒரே வார்த்தைதான்: வேணாம். தண்ணீர் வேணாம், பிஸ்கட் வேணாம், உதவி வேணாம்.

இரண்டாவது வாரம் தொப்பியின் படகு நடு ஏரியில் திணறி நின்றபோது அவள் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. கிளிப் அக்கா கேட்கக்கூட இல்லை. போய்க் கயிற்றைக் கட்டி இழுத்துவந்துவிட்டாள். தொப்பி கிளிப் மாட்ட வரவில்லை. எல்லோரும் போகும்வரை கட்டிய படகிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துவந்து இரண்டு கிளிப் மாட்டினாள்.

“ஒண்ணு இழுத்துட்டு வந்ததுக்கு. இன்னொண்ணு, நான் அழுதேன்னு எங்கம்மாகிட்ட சொன்னதுக்கு.”

இரண்டாவதற்கு விதியில் இடமில்லை என்று கிளிப் அக்கா கோச்சிடம் முறையிட்டாள். விதியில இல்லதான், ஆனா இருக்கட்டும் என்று கோச் விசிலை ஊதிவிட்டாள்.

மூன்றாவது வாரம் கேள்வி ஒரு நல்ல கேள்வி கேட்டான். காற்று நேர் எதிரில் இருந்தால் படகு ரிவர்ஸில் போகுமா? போகும். பாய் சும்மா படபடக்கும், படகு நின்று, பின்னாலேயே நகரும். அதிலிருந்து எப்படித் தப்புவது என்று அன்று கொட்டகையில் ஒரு நாற்காலியையும் துடைப்பக் கட்டையையும் வைத்துக் காட்டினாள். பாயின் அடியில் இருக்கிற கட்டையை ஒரு கையால் வெளியே தள்ளு. சுக்கான் பிடியையும் அதே பக்கம் தள்ளு. படகு பின்னால் போய்க்கொண்டே மூக்கைத் திருப்பும். திரும்பியதும் இரண்டையும் உன் பக்கம் இழு. தள்ளு தள்ளு, இழு இழு. பிள்ளைகள் அதைப் பாட்டாகவே ஆக்கிக் கொட்டகையை இரண்டாக்கிவிட்டார்கள். தொப்பி மட்டும் பாடவில்லை. துடைப்பக் கட்டையைக் கொஞ்ச நேரம் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை தேர்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர், காதில் பென்சில், முகத்தில் எதுவும் இல்லை. அவர் வந்த பத்து நிமிடத்தில் அவளுக்கு இரண்டு கிளிப் விழுந்துவிட்டன. இரட்டையரில் ஒருவனுடைய முறுக்கிய பாய்க்கயிற்றை நேராக்கியது ஒன்று. தேர்வாளரிடம் உங்களுக்கு நீச்சல் தெரியுமா என்று ‘கேள்வி’ விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் படகைத் துறையிலிருந்து தள்ளிவிட்டது இன்னொன்று. இன்னும் ஒரு படகுகூட மிதவைப் பக்கம் திரும்பவில்லை. தேர்வாளர் பென்சிலை எடுத்து இரண்டு கோடு போட்டார். கோச் வானத்தைப் பார்த்தாள்.

அவள் மோட்டார் படகில் ஏறிக் கைகளின்மேல் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் கரையில் வெள்ளைக் கார் வந்து நின்றது. அப்பா இறங்கினார். அவரிடம் கார் கற்றுக்கொள்ளும், அன்று ஓட்டிவந்த பேக்கரிக்காரரை ஸ்டியரிங்கிலேயே விட்டுவிட்டு, தற்செயலாக இந்தப் பக்கம் வந்தவர் மாதிரி படகுத்துறைக்கு நடந்தார். பேக்கரிக்காரரின் பாடம் ஊரின் மறுகோடியில் என்பது அவளுக்குத் தெரியும்.

ஐந்து பேர் மிதவையைச் சுற்றிவிட்டார்கள். கேள்வி அதற்கு வணக்கம் போட்டுவிட்டுத் திரும்பினான். கடைசியாகத் தொப்பி. மிதவையைச் சுத்தமாகச் சுற்றினாள், பிறகு கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டாள். படகின் மூக்கு நேரே காற்றுக்குள் போய் நின்றது. பாய் படபடத்தது. படகு மெதுவாகப் பின்னால், ஏரியின் கற்சுவர் பக்கம் நகர ஆரம்பித்தது.

சுவரில் பழைய டயர்கள் வரிசையாகக் கட்டியிருந்தன. மோதினால் படகின் பின்பக்கம் ஒரு டயரில் இடிக்கும், அவ்வளவுதான். ஆபத்து இல்லை. ஆனால் இடித்துவிட்டால் இழுத்துத்தான் வரவேண்டும். இழுத்து வந்தால் தொப்பிக்கு இந்தச் சுற்று செல்லாது. அடுத்த பருவம் பெரிய படகுக்குப் போக முடியாது, மறுபடி இதே குளியல் தொட்டிதான். கிளிப் அக்காவுக்கோ கையில் ஒரு மன்னிப்பு மிச்சம் இருந்தது. இப்போதே போய்ப் படகின் மூக்கைத் திருப்பிவிட்டால் கிளிப் மூன்றுதான். சான்றிதழ் தப்பிவிடும்.

மோட்டார் படகைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு மறுபடி கைகளின்மேல் உட்கார்ந்தாள்.

“உதவி வேணுமா?”

தொப்பி திரும்பிப் பார்க்கவில்லை. “வேணாம்.”

சுவர் இருபதடி. கரையில் யாரோ ஒரு அம்மா, போய்ப் பிடிங்களேன் என்று குரல் கொடுத்தார். அப்பாவின் வலது கால் படகுத்துறைப் பலகையை ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் தண்ணீர் தாண்டிக் கேட்டது. பதினைந்தடி. தொப்பி சுக்கானை ஒரு பக்கம் திருப்பினாள், ஒன்றும் ஆகவில்லை. மறு பக்கம் திருப்பினாள், படகு தலையை ஆட்டிவிட்டு மறுபடி காற்றைப் பார்த்து நின்றது. பத்தடி. கிளிப் அக்காவுக்குத் தொடைக்கு அடியில் பத்து விரலும் துடித்தன. தள்ளு தள்ளு என்று நாக்கு நுனிவரை வந்தது. உதட்டைக் கடித்து விழுங்கினாள்.

தொப்பி தொப்பியைக் கழற்றிப் படகுக்குள் போட்டாள். நான்கு வாரத்தில் முதல் தடவை. பிறகு எட்டி, பாய்க்கட்டையை உள்ளங்கையால் வெளியே தள்ளிப் பிடித்தாள். சுக்கான் பிடியையும் அதே பக்கம் தள்ளினாள். உதடு அசைந்தது. படகு பின்னால் போய்க்கொண்டே சோம்பேறித்தனமாக மூக்கைத் திருப்பியது. ஐந்தடியில், டயர்களின் பாசி தெரிகிற தூரத்தில், இரண்டையும் தன் பக்கம் இழுத்தாள். பாய் ஒரு தட்டுத் தட்டி நிரம்பியது. படகு முன்னால் கிளம்பிவிட்டது.

பேக்கரிக்காரர் என்ன புரிந்துகொண்டாரோ, ஹாரனை அடித்தார்.

கிளிப் அக்கா முந்திக்கொண்டு கரை சேர்ந்து, பலகையில் குதித்து ஓடினாள். தொப்பியின் படகு அழகாகத் துறையை ஒட்டி வந்தது. சிரிப்பு காதுவரை போயிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கிளிப் அக்கா குனிந்து, படகின் கயிற்றைப் பிடித்து, கொக்கியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

தேர்வாளர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

தொப்பி படகிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். “அக்கா. கயிறு.”

கிளிப் அக்கா சுட்டதுபோல விட்டாள். கயிறு தண்ணீரில் விழுந்தது. தொப்பி அதைத் துழாவி எடுத்து, தானே கட்டி, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, பெயின்ட் டப்பா வரை நடந்துபோய்ப் பச்சைக் கிளிப் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்து மாட்டினாள். ரொம்ப மெதுவாக, வலிக்காமல் மாட்டினாள். சுவருக்குக் கொடுக்காமல் சேர்த்துவைத்த ஒரே மன்னிப்பு கயிற்றுக்குப் போயிற்று.

மற்ற ஐந்து பேரும் துறையைப் பிடித்துக்கொண்டு தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்ததால், இன்னும் ஐந்து படகுகள் கட்டப்படாமல் இருந்தன. அடுத்த கால் மணி நேரம் அவள் இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு கம்பம் மாதிரி நின்றாள். இரட்டையர் வேண்டுமென்றே முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்கள். கேள்வி, இந்த முடிச்சுக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்டுக்கொண்டே கட்டினான். கடைசிக் கயிறு இறுகியதும் தேர்வாளர் ஜாக்கெட்டின் முன்பக்கம் எண்ணினார், பின்பக்கம் போய்ப் பார்த்தார், சட்டைக் கையையும் பார்த்தார். பென்சிலைக் காதில் செருகினார்.

“மூணு. பாஸ். கயித்துக்கு ஒண்ணு போனதுதான் எனக்கு மனசு ஆறலை.”

கோச் ஊதிய விசிலில் ஏரியின் மறுகரை நாய் குரைத்தது. தொப்பி தன் அம்மாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ஓடினாள். நீலத் தொப்பி படகிலேயே கிடந்தது. கிளிப் அக்கா அதை எடுக்கப்போய், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

வீட்டுக்குக் காரில் போனார்கள். பேக்கரிக்காரர் ஓட்டினார், அப்பா பக்கத்தில், அவள் பின்னால். அம்மாவுக்கு யார் சொல்வது என்று பேச்சு வந்தது. நாற்காலிக்கு வேற ஆள் பார்க்கணும் என்றார் அப்பா. குரலில் கோபம் இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. சுவர்கிட்ட போனப்ப எப்படிம்மா சும்மா இருந்த என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

முன்னால் ஒரு வேகத்தடை. பேக்கரிக்காரர் சரியாகவே பார்த்துவிட்டார், வேகத்தையும் குறைத்துக்கொண்டிருந்தார். அப்பாவின் கால் அதற்குள் இறங்கிவிட்டது. கார் குலுங்கி நின்றது.

அவள் பையிலிருந்து பச்சைக் கிளிப்பை எடுத்து, முன்னால் சாய்ந்து, அப்பாவின் சட்டைக் கையில் மாட்டினாள்.

அப்பா கையைப் பார்த்தார், கழற்றவில்லை. பேக்கரிக்காரர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

“ஏம்மா, இது எந்தக் கடையில கிடைக்கும்? எனக்கு ஒரு டஜன் வேணும்.”