ஒற்றைப் பங்கு

நேற்று அலுவலகத்தில் ஆளுக்கொரு இனிப்புப் பெட்டி கொடுத்தார்கள். ஆற்றில் கழிவுநீரை விட்ட ஒரு கம்பெனியின் பங்குகளையெல்லாம் விற்றுவிட்டோமாம், அதற்கான கொண்டாட்டம். நான் என் பெட்டியைத் திறக்கவில்லை. திறந்தால் மேடம் நினைவுக்கு வருவார். திறக்காவிட்டாலும் வரத்தான் செய்கிறார்.

மேடம் எங்கள் முதலீட்டு நிதியின் மேலாளராக இருந்தவர். மக்கள் நம்பிக் கொடுக்கும் பணத்தை, யாருக்கும் கெடுதல் செய்யாத கம்பெனிகளில் மட்டும் போடுவது எங்கள் வேலை. அவர் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர். கல்தூசி நுரையீரலில் ஏறி, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே செத்துப்போன அப்பாவைப் பற்றி ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஓசூர் ரோட்டில் நாங்கள் பணம் போட்டிருந்த கிரானைட் தொழிற்சாலையைப் பார்க்கப் போனபோது, வெள்ளைத் தூசிக்குள் முகமூடிகூட இல்லாமல் ஆட்கள் கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளே மொத்தப் பங்கையும் விற்றுவிட்டார். எல்லோரும் பாராட்டினார்கள். மேடத்துக்கும் பெருமைதான், அதை மறைக்க அவருக்குத் தெரியாது.

அந்தப் பெருமையோடுதான் பொம்மனஹள்ளிக்குப் போனோம். தொழிற்சாலையில் எங்களிடம் மனம்விட்டுப் பேசிய தொழிலாளியின் வீடு அங்கே. அவர் இருமிக்கொண்டே இருந்தார். அவர் மனைவி காபி கொடுத்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்: "நீங்க வெளிய வந்துட்டீங்க, நல்லது மேடம். எங்க வூட்டுக்காரரு நாளைக்கும் உள்ளதானே போவணும்?"

 திரும்பி வந்ததும் மேடம் தன் சொந்தக் காசில் அந்தக் கம்பெனியின் ஒரே ஒரு பங்கை வாங்கினார். ஒரு பங்கு இருந்தாலும் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கலாம். வருடாவருடம் போனார், கூடவே நானும். "தூசி இழுக்கற மெஷின் எப்ப வெப்பீங்க?" அதே கேள்வி. மேடையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, பரிசீலிக்கிறோம் என்பார்கள். வாசலில் கொடுக்கும் இனிப்புப் பெட்டியைப் பிரிக்காமல் மேடம் நேராகப் பொம்மனஹள்ளிக்குக் கொண்டுபோவார். "வெறுங்கையோட எப்படிப் போறது?" என்பார். தொழிலாளி ஒவ்வொரு வருடமும் இன்னும் மெலிந்திருப்பார்.

ஒரு வருடம், மேடம் எழுவதற்கு முன்பே தலைவர் அறிவித்தார்: மெஷின் வைத்தாயிற்று. மேடம் சின்னப் பெண்போல என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அண்ணன் போன மாசமே தவறிட்டாரு. அக்கா புள்ளைங்கள கூட்டிக்கினு ஊருக்கே பூட்டாங்க."

மேடம் பெட்டியோடு அந்தப் பூட்டின் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். திரும்பும்போது அதை என் மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்: "அத்தன பங்கையும் விக்காம கையில வெச்சிக்கிட்டுக் கேட்டிருந்தா, அப்பவே மெஷின வெச்சிருப்பாங்க இல்லப்பா?"

இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது மேடம் இல்லை. நேற்றைய பெட்டி பிரிக்காமல் என் மேசைமேல் இருக்கிறது. அந்த ஆற்றங்கரையில் யார் வீட்டுக்கு இதைக் கொண்டுபோவது என்று எனக்குத் தெரியாது. நாங்கள் அங்கே யாரையும் போய்ப் பார்க்கவே இல்லை.