மேக்கணக்குக்கு வந்த பஸ்

உரிமை நடைபவனிக்கு ஆள் ஏற்ற எங்கள் மேக்கணக்குக்கு பஸ் வந்ததே, அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. மேக்கணக்கு என்பது அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் உச்சிப் பிரிவு. பஸ் கேட்டு டவுன் டிப்போவுக்கு நாங்கள் நடையாய் நடந்திருக்கிறோம். பாதை சரியில்லை, வளைவு மோசம், பெரிய பஸ் ஏறாது என்று ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

என் அக்கா கொழுந்து பறிக்கிறவள். அவள் மகள் அடுத்த வருடம் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவள். பள்ளிக்கூடம் கீழே டவுனில் இருக்கிறது. விடியுமுன்னே தேயிலைக்குள் இறங்கி, அட்டைக் கடியோடு போய்ச் சேர வேண்டும். அந்த மாதம் பக்கத்து லயத்து வரிசை வீட்டு நாயைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது. அக்கா பயந்துவிட்டாள். இந்தப் பள்ளித் தவணையோடு படிப்பு போதும், கொழும்பில் ஒரு துணிக்கடையில் சேர்த்துவிடலாம் என்று முடிவெடுத்தாள். தோட்டத்துப் பாலர் பாடசாலையில் டீச்சராக இருக்கும் நான் அவளோடு சண்டை போட்டேன்.

"புள்ளைய அது தூக்கிட்டுப் போனா நீயா பதில் சொல்லுவ?" என்று கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் லயம் லயமாக வந்தார். நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்திறங்கிய கடற்கரையிலிருந்து காடு வழியாக நடந்தே இந்த மலைக்கு வந்தவர்கள், ஓட்டுரிமையைப் பறிகொடுத்துப் போராடி மீட்டவர்கள், அவர்கள் நினைவாக ஹட்டனில் நடைபவனி, எல்லாரும் வர வேண்டும் என்றார். நடந்து வந்தவர்களை நடந்து நினைக்கிறீர்கள், இன்றும் நடந்துகொண்டே இருக்கிறவர்களை யார் நினைப்பது என்று கேட்க வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அரசாங்கத்துச் சிவப்பு பஸ் ஒன்று வளைவுகளில் எல்லாம் அலுங்காமல் ஏறி வந்து, கோயில் முன்னால் திரும்பி நின்றது. பிள்ளைகள் அதைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அக்கா ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

ஹட்டனில் தப்பு மேளச் சத்தம் காதைப் பிளந்தது. இறங்கி வரிசையில் நிற்கச் சொன்னார் தலைவர். அக்கா எழுந்திருக்கவில்லை.

"பஸ் ஏறாதுன்னு சொன்ன பாதையில இன்னைக்கு ஏறியிருக்குங்க. நாளைக்கு எங்க புள்ளைங்களுக்கும் வருமான்னு கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் நாங்க எறங்க மாட்டோம்."

எழுந்து நின்ற பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்ப உட்கார்ந்தார்கள். இப்படி மானத்தை வாங்கலாமா, முன்னோர் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள் என்று கெஞ்சினார் தலைவர். நினைத்ததனால்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்றேன் நான். ஊர்வலம் எங்களை விட்டுவிட்டுப் போனது. பிறகு ஒரு அதிகாரி வந்து, மனு எழுதிக் கொடுங்கள், பரிசீலிக்கலாம் என்றார். மனு எழுதியே கை ஓய்ந்தவர்கள் யாரும் சீட்டை விட்டு அசையவில்லை.

சாயங்காலம் பஸ் எங்களைத் திரும்பக் கொண்டுவந்தது. மேக்கணக்கிலும் நாங்கள் இறங்கவில்லை, இராத்திரி முழுக்க பஸ்ஸிலேயே இருந்தோம். டிரைவர் சிங்களவர், நல்ல மனிதர். டிப்போவுக்கு போன் பண்ணிப் பார்த்துவிட்டு, அக்கா வீட்டு ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் பஸ் எப்படியும் கீழே போக வேண்டும். எங்கள் பிள்ளைகளை வெள்ளை யூனிபோர்மோடு அதில் ஏற்றி அனுப்பினோம். அக்கா மகள் காலில் நனையாத சப்பாத்தோடு பள்ளிக்கூடம் போனாள்.

மறுநாள் பஸ் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அக்கா காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. டோர்ச்சை எடுத்துக்கொண்டு மகளோடு இறங்கினாள். மற்றத் தாய்மாரும் நானும் கூடவே போனோம். நேராக டிப்போவுக்குப் போய்க் கேட்டோம். ஞாயிற்றுக்கிழமை வந்தது ஸ்பெஷல் பஸ் என்றார் அங்கிருந்த பெரிய அதிகாரி, கொஞ்சமும் கூசாமல். கூட்டம் காட்ட மட்டும் எங்களுக்குப் பாதை சரியாகிவிடுமா என்று நான் கத்தினேன். அக்கா கத்தவில்லை. டிப்போ வாசலிலேயே சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பஸ்கள் வெளியே போக முடியாமல் ஹோர்ன் அடித்தன.

மகள் புத்தகப் பையோடு திகைத்து நின்றாள். இன்று பள்ளிக்கூடம் வேண்டாம், நானும் உங்களோடு இருக்கிறேன் என்று அழுதாள். அவளைப் படிப்பிலிருந்து நிறுத்திவிட முடிவு செய்திருந்த அக்காதான் அவளை நிமிர்ந்து பார்த்து அதட்டினாள்.

"நீ போய்ப் படி. இங்க ஒக்கார நாங்க இருக்கோம்."