அம்மா ஒட்டிய சிவப்பு அம்புகள்

எங்கள் அம்மாவிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. குறையைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டாள். வேலை அப்படி. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் டி-ஷர்ட்டுகளை டியூப் லைட்டுக்குக் கீழே விரித்துப் பார்ப்பாள். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்டதோ கண்ணில் பட்டால், அந்த இடத்தைக் காட்டும்படி சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். நாள் முழுக்க அதையே செய்த கை வீட்டுக்கு வந்தால் அடங்குமா? நான் சரியாகக் கழுவாத டிபன் பாக்ஸில் அம்பு. அப்பாவின் சட்டைக் காலரில் அம்பு. "என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டீரு, சோலி முடிஞ்சுது" என்பார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமையாவது உட்காருவாளா என்றால், அதுவும் கிடையாது. லைன் வீடுகளில் குடியிருந்த வடநாட்டுப் பெண்களைக் கைக்குழந்தைகளோடு, தன் அரைகுறை இந்தியை வைத்துக்கொண்டே சொட்டு மருந்து முகாமுக்குக் கிளப்பிக்கொண்டு போவாள். போதாததற்கு எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் உறுப்பினர். சம்பளம் இல்லாத வேலை என்றால் அம்மாவுக்கு அப்படி ஒரு ஆசை.

நான் ஒன்பதாவது படித்தபோது காய்ச்சலும் அடிவயிற்று வலியுமாகப் படுத்துவிட்டேன். ஆஸ்பத்திரி நர்ஸ், "தண்ணியே குடிக்கறதில்லயா கண்ணு?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அழுதுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கதவின் அடிப்பக்கமும் இற்றுப்போய்விட்டது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குத் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடலாம் என்று இருந்தோம். என் வகுப்பில் மூன்று பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். நானும் போக மாட்டேன் என்றேன்.

"போவாம? அதையும் பாத்தர்றேன்" என்றாள் அம்மா.

குழுக் கூட்டத்தில் கேட்டாள். "எழுதிப் போட்டிருக்கோமுங்க" என்றார் தலைமையாசிரியை. அடுத்த கூட்டத்திலும் அதே பதில். மேலிடத்திலிருந்து அதிகாரி ஒருவர் பார்வையிட வரப்போகிறார் என்றதும் மட்டும் பள்ளிக்கூடத்துக்கு அவசர அவசரமாக வெள்ளையடித்தார்கள். கழிப்பறைப் பக்கம் அவரைக் கூட்டிப் போகாமல் தோட்டத்தைக் காட்டி அனுப்பிவிடுவது என்று ஏற்பாடு.

அன்று காலை அம்மா கம்பெனிக்கு லீவு போட்டாள். பையில் ஸ்டிக்கர் சுருளோடு வந்து, தலைமையாசிரியை வாசலில் அதிகாரிக்காகக் காத்திருந்த நேரத்தில், வராந்தாத் தூண்களில் இருந்த விரிசல் ஒவ்வொன்றிலும் ஒட்டினாள். உடைந்த படியில் ஒன்று. ஒழுகுகிற குழாயில் ஒன்று. கடைசியில் கழிப்பறைக் கதவில் மட்டும் ஆறு. புது வெள்ளையில் சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. "ஏய், உங்கம்மா இதையும் கம்பெனின்னு நெனச்சுட்டாங்களாடி?" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு மானமே போயிற்று. அம்மா கூப்பிட்டபோது காது கேட்காத மாதிரி வகுப்புக்குள் போய்விட்டேன். அதற்காக என்னை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதிகாரி வெளியூர்க்காரர். செக்கிங் ஸ்டிக்கரை அவர் எங்கே கண்டார்? தனக்கு வழிகாட்டத்தான் ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். "பரவாயில்லையே, நல்ல ஏற்பாடு" என்று பாராட்டிக்கொண்டே தூண் தூணாக நடந்தார். தலைமையாசிரியை, "சார், தோட்டம் இந்தப் பக்கமுங்க" என்று பின்னாலேயே ஓடினார். சார் திரும்பவில்லை. படியிறங்கி, குழாயைத் தாண்டி, நேராகக் கழிப்பறைக் கதவின் முன்னால் போய் நின்றார். தொட்டதும் கதவு தானே திறந்துகொண்டது.

"யார் ஒட்டினது இதை?"

எல்லோரும் கூடிவிட்டோம். தலைமையாசிரியையின் முகம் சிவந்து கிடந்தது. அம்மா ஓரமாக நின்றாள், இனி குழுவில் தன்னை வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்த முகத்தோடு. அவள் பேசுவதற்குள் நான் முன்னால் போய்விட்டேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ.

"எங்கம்மாங்க சார். செக்கிங்ல இருக்காங்க. இந்தக் கதவுக்குத் தாப்பா இல்லீங்க. அதனால நாங்க யாரும் தண்ணி குடிக்கறதில்லீங்க சார்."

பையன்கள், வாத்தியார்கள் எல்லோரும் இருந்தார்கள். வெட்கமாக இல்லை. இத்தனை பேருக்கு நடுவில் இப்படி ஒருத்திக்குப் பிறந்தோமே என்று பெருமையாக இருந்தது.

அதிகாரியின் உத்தரவில் இரண்டு வாரத்தில் புதுக் கதவுகள் வந்தன. அம்மா உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டு, "தள்ளுங்க டீச்சர், இன்னும் நல்லாத் தள்ளுங்க!" என்று தலைமையாசிரியையையே தள்ள வைத்தாள். அம்மாவைக் குழுவிலிருந்து யாரும் எடுக்கவில்லை.

பள்ளிக்கு வராமல் நின்றுபோன மூன்று பேரின் வீட்டுக்கும் அம்மா அன்றைக்கே நடந்தாள். இரண்டு பேர் உடனே வந்துவிட்டார்கள். மூன்றாவது பெண்ணின் அப்பா அசையவில்லை. அம்மா விடாமல் போனாள். ஐந்தாவது தடவை நானும் கூட இருந்தேன். அந்த மனிதர் சலித்துப்போய்க் கேட்டார்:

"எங்கூட்டுப் புள்ளைக்கு நீங்க ஏனுங்க இத்தன தடவ நடக்கறீங்க? உங்க புள்ளதான் போவுதுல்லங்க?"

"அந்தக் கதவ எம்புள்ளைக்கு மட்டுமாங்க போட்டாங்க?" என்றாள் அம்மா.

மறுநாள் அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.