முதல் மூன்று படங்கள்

என் வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ், செத்தவர்களை உட்காரவைத்து எடுப்பது, இவைதான் வேலை. நான் இரண்டாம் வகுப்பு வரைக்கும் போனவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் இருட்டறையில் பிலிம் கழுவ என் கைதான் கை. அவர் அதை ஒப்புக்கொண்டதில்லை, அது வேறு விஷயம்.

இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மறியல் நடந்துகொண்டிருந்த சமயம். காலேஜ் வாத்தியார் ஒருவர் கல்வராயன் மலையில் இருக்கும் கல்வீடுகளைப் படம் எடுத்துத் தரச் சொன்னார். நாலு பலகைக் கல்லை நிறுத்தி மேலே ஒரு பெரிய கல்லை மூடிய, இடுப்பு உயரத்துப் பழைய வீடுகள் அவை. குள்ளர்கள் குடியிருந்தது என்பார்கள் மலைக்காரர்கள். செத்தவர்களுக்குக் கட்டியது என்றார் வாத்தியார். புத்தகம் போடப் போவதாகவும், படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயர் வரும் என்றும் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. இருபது வருஷம் அடுத்தவர் முகத்தை எடுத்த மனுஷர், தன் பெயரை ரப்பர் ஸ்டாம்பில் தவிர எங்கேயும் பார்த்ததில்லை.

பஸ் ஓடவில்லை. கடையில் இருந்த ஆளும் மறியலுக்குப் போய்விட்டான். அதனால் நான் போனேன். சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, கேமரா நிறுத்தும் முக்காலியை மடியில் வைத்துக்கொண்டேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் ஒரு புளியமரத்தை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். எங்களை ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளை வயலில் இறக்கிச் சுற்றிப் போனோம். கொஞ்ச தூரம் தள்ளி இவர் திரும்பி நின்று இரண்டு படம் எடுத்தார். புது ரோலில் முதல் இரண்டு படம் அது.

“இது எதுக்கு?” என்றேன்.

“மரம் நல்லா கீது.”

மனசில் ஒன்றுமில்லை. கையில் கேமரா இருந்தால் அவருக்கு விரல் நிற்காது, அவ்வளவுதான்.

மலையில் இரண்டு ராத்திரி தங்கினோம். ஒரு கல்வீட்டின் முன்கல்லில் வட்டமாக ஒரு துளை இருந்தது. விடிந்ததும் வெயில் அதன் வழியாக உள்ளே போய்ப் பின்கல்லில் ஒரு தட்டு அளவுக்கு விழும். அதற்காக ஈரப் புல்லில் குப்புறப் படுத்துக் கிடந்து எடுத்தார். அது மூன்றாவது படம். “இது அட்டைக்குப் போவும்” என்றார். மீதி ரோலையும் கல்வீடுகளிலேயே முடித்தார்.

இறங்கி வந்தபோது மரம் அங்கேயே கிடந்தது. ஆட்கள்தான் மாறிப்போயிருந்தார்கள், அதாவது அதே ஆட்கள், முகம் வேறு. போட்டோவை வைத்து ஆள் பார்த்து போலீஸ் பிடிக்கிறது என்று பேச்சு பரவியிருந்தது. தலையில் துண்டு கட்டிய ஒருவர் சைக்கிள் பாரைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா போட்டோக்காரரே, அன்னிக்கு எங்கள எடுத்துக்கினு போன இல்ல?”

“கல்லுதாங்க எடுத்தேன்.”

“கல்லு எடுக்கவா பொண்டாட்டிய இட்டுக்கினு மலைக்குப் போன?”

சிரித்தார்கள். பின்னால் ஒருத்தன், “பேச்சு இன்னா, ரோல உருவி வெயில்ல போடு” என்றான். இவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். வெயில் பட்டால் கல்வீடு அத்தனையும் போய்விடும்.

“எடுத்தாருங்க, ரெண்டு படம்” என்றேன் நான். “அத மட்டும் வெட்டித் தரேன். மீதியெல்லாம் கல்லு. அத வுட்டுடுங்க.”

“பாருடா, வூட்டுக்காரியே சொல்லுது. வெட்டித் தர நீ இன்னா டெய்லரா?”

வெளிச்சம் புகாத கறுப்புப் பை ஒன்று எங்களிடம் இருந்தது. கேமராவில் பிலிம் சிக்கினால் அதற்குள் வைத்துத்தான் எடுப்போம். மரத்தின்மேல் உட்கார்ந்து ரோலையும் கத்தரியையும் உள்ளே போட்டு மூடி, இரண்டு கையையும் விட்டேன்.

“உள்ள இன்னாக்கா, பாம்பு கீதா?”

“கைய வுட்டுப் பாரு தம்பி.”

துண்டு கட்டியவர் சிரிக்கவில்லை. “எங்க மூஞ்சி ஒண்ணுகூட அதுல இருக்கக் கூடாது. புள்ளகுட்டிக்காரங்கம்மா. சத்தியம் பண்ணு.”

“நான் சொன்னா சொன்னதுதான். சத்தியமெல்லாம் பண்ற வழக்கமில்ல.”

பிலிமின் முன்பக்கம் ஒரு சாண் வெற்று. பிறகு ஒரு படத்துக்கு இரண்டு விரல் அகலம். இருட்டில் படத்துக்கும் படத்துக்கும் நடுவே கோடு தெரியாது. எங்கே ஆரம்பித்தார் என்பது ஒரு விரல் இப்படியும் இருக்கும், அப்படியும் இருக்கும். இவர் என் காதோரம், “சாண் போக நாலு வெரலு போதும்” என்றார். நாலு விரலில் வெட்டினால் ஒரு தலை, ஒரு தோள் மிஞ்சக்கூடும். ஆறு விரலில் வெட்டினால் அவருடைய விடியற்காலை வெயில் போய்விடக்கூடும். நான் ஆறில் வைத்து வெட்டினேன்.

வெட்டிய பிலிமை வெளியே எடுத்துக் கொடுத்தபோது இவர் அதன் நீளத்தைப் பார்த்தார். ஆறு விரல் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. துண்டு கட்டியவர் அதை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு மடியில் சொருகிக்கொண்டு வழி விட்டார்.

கடைக்கு வந்து மீதி ரோலைக் கழுவினேன். மரமும் ஆட்களும் இல்லை. முதலில் வந்தது ஒரு கல்வீட்டின் பாதி. துளை இருந்த பக்கம் போயிருந்தது.

சில நாள் கழித்துப் போலீஸ்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். ஸ்டுடியோ ஸ்டுடியோவாக நெகட்டிவ் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் ரோலை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார்.

“மொதல் படம் ஏன்யா பாதி கீது?”

இவர் தலையைச் சொறிந்தார். “வூட்டுக்காரி வெட்டினது சார். கத்தரி புடிக்கத் தெரியாது.”

“தெரியாதவள ஏன்யா தொடவுடற?”

நான் பின்னால் ஈரப் பிரிண்டுகளுக்குக் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் அப்படிப் பேசிவிட்டுச் சும்மா போனதில்லை. அன்றைக்கு விட்டேன். மீதியைப் பார்த்தவர், “எல்லாம் கல்லு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

புத்தகம் வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. இவர் படம் இரண்டு உள்ளே இருந்தது, தீப்பெட்டி அளவில். கீழே பெயர். அவருக்கே படிக்கத் தெரியும், ஆனாலும் என்னைப் படிக்கச் சொன்னார். எழுத்துக் கூட்டிப் படித்தேன், கேட்டுக்கொண்டார். அட்டையில் வேறு யாரோ எடுத்த கோபுரம்.