இருபத்தேழு அங்குலம்

அம்மா கண்ணை மூடிய பிறகு வந்த முதல் மழைக்காலத்தில் எனக்குத் தலையிடி தொடங்கியது. காலையில் இருக்காது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது புருவத்துக்கு மேலே பிடிக்கும். பின்னேரமாகும்போது கழுத்துவரை இறங்கிவிடும்.

நான் கட்டட வரைபடங்கள் கீறுகிறவள். கொழும்பில் ஓர் அலுவலகத்தில் வேலை. அம்மாவுக்கு வருத்தம் கடுமையானபோது லப்டொப்பையும் கொஞ்ச உடுப்பையும் எடுத்துக்கொண்டு கிளிநொச்சிக்குக் கிட்ட உருத்திரபுரத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தேன். வீட்டில் இருந்தபடியே வேலையைச் செய்யலாம் என்று விட்டார்கள். அம்மா போனபின், திரும்பி வருகிறேன் என்று சொன்னபோது மேலாளர் முதலில் அம்மாவைப் பற்றி விசாரித்தார். பிறகு, அலுவலகத்தின் ஒரு மாடியை விட்டுவிட்டோம், உங்கள் மேசையும் அதோடு போய்விட்டது, அங்கேயிருந்தே செய்யுங்களேன் என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். போனை வைத்த பிறகு நான் போய் அம்மாவின் கட்டிலைக் கழற்றி மற்ற அறைக்குள் வைத்தேன். அன்றைக்குத்தான் அந்த வீட்டில் தனியாக இருக்கப் போகிறேன் என்பது எனக்கே உறைத்தது.

முன் அறையில் றோட்டைப் பார்த்த யன்னல் ஒன்று இருக்கிறது. அதன் கீழே சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டு, அதில்தான் வேலை. வீட்டில் ஒழுங்காக வேலை செய்கிற பிளக்கும் அந்த மூலையில்தான். லப்டொப்பின் சின்னத் திரையில் ஒரு மூன்று மாடி வீட்டைக் கீறுவதென்றால், படியைப் பெரிதாக்கினால் கூரை மறையும்; கூரையைப் பார்த்தால் கோடுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். நான் குனிந்து குனிந்து கண்ணைத் திரைக்குக் கிட்டவே கொண்டுபோய் வைத்திருந்தேன்.

வவுனியாவில் கண் வைத்தியரிடம் போனேன். அவர் எல்லாம் சோதித்துவிட்டு, "கண்ணில ஒரு பிழையும் இல்லை" என்றார். "பெரிய திரை ஒண்டு வாங்கிக் கொஞ்சம் தள்ளி வைச்சுப் பாருங்கோ. இடைக்கிடை தூரத்தையும் பாருங்கோ. வீட்டில ஆரிட்டயாவது ஞாபகப்படுத்தச் சொல்லுங்கோ."

"ஓம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம் அலுவலக வட்ஸப் குழுவில் ஒரு கேள்வி போட்டேன். வீட்டு வேலைக்கு ஒரு மொனிட்டர் வாங்கவேண்டும், எது நல்லது? அந்தக் குழுவில் வேலை அறிவித்தல்களும் பிறந்தநாள் வாழ்த்துகளும்தான் வரும். என் கேள்விக்கு வந்ததுபோல் மறுமொழிகள் அதற்கு முன் யாருக்கும் வந்ததில்லை. ஒருவர் வளைந்த திரைதான் வேண்டும் என்றார். இன்னொருவர், வளைந்த திரையில் நேர்கோடு கீறுகிறவளின் பாடு என்னாவது என்று சிரித்தார். ஒன்று வேண்டாம், சின்னதாக இரண்டு வாங்கு என்றாள் என்னோடு முன்பு ஒரே மேசை வரிசையில் இருந்த ஒருத்தி. தன் வீட்டு மேசையைப் படம் பிடித்தும் அனுப்பினாள். படத்தின் ஓரத்தில் அவளுடைய குழந்தையின் கால் தெரிந்தது. குழந்தை பிறந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அடுத்த நாளும் கேட்டேன். திரை பளபளப்பாக இருக்கவேண்டுமா, மங்கலாக இருக்கவேண்டுமா? அதற்கு அடுத்த நாள், தாங்கி உயர்த்திப் பதிக்கக்கூடியதாக இருக்கவேண்டுமா? இதற்கெல்லாம் மறுமொழி எனக்கு முன்னமே தெரிந்திருந்தது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கடைகளுக்கும் போன் எடுத்தேன். வவுனியாக் கடைக்காரர் பொறுமைசாலி. ஒருநாள் நான் வணக்கம் சொன்னவுடனேயே, "நேத்தும் எடுத்த தங்கச்சிதானே?" என்றார். எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் போனை வைக்கவில்லை. இருபத்துநாலு அங்குலத்துக்கும் இருபத்தேழுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். நான் மறுபடி முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இப்படியே தை மாதம் பிறந்துவிட்டது.

எப்போது வாங்குகிறாய் என்று குழுவில் ஒருவர் கேட்ட பிறகு, இனியும் இழுக்க முடியாது என்று வவுனியாவுக்கு பஸ் ஏறினேன்.

கடை பஸ் நிலையத்திலிருந்து நடக்கக்கூடிய தூரம். கடைக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் மனிதர்; அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம். நான் கதவைத் திறந்து, "நானா, நான்தான்..." என்று தொடங்கவே குரலை வைத்து அடையாளம் பிடித்துவிட்டார்.

"வாங்க வாங்க. தனியாவா வந்தீங்க? பெட்டி பெரிசு எண்டு சொன்னேனே, யாரையும் கூட்டி வரல்லயா?"

"இல்லை நானா. நான் தூக்குவன்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. உள்ளே யாரிடமோ பிளேன்டீ கேட்டுவிட்டு, மூன்று மொனிட்டர்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் போட்டார். நான் கொண்டுபோன பென்டிரைவில் இருந்த ஒரு வீட்டு வரைபடத்தை மூன்றிலும் திறந்தோம். இருபத்துநாலு அங்குலத்தில் போதும்போலத்தான் இருந்தது. வளைந்தது கண்ணுக்கு அழகு. ஆனால் சுவர்க்கோடு ஓரத்தில் சரிந்து தெரிவதுபோல் எனக்கு ஒரு சந்தேகம், அது போகவேயில்லை. இருபத்தேழில் கீழ்மாடி, மேல்மாடி, படி, கூரை எல்லாம் ஒரே தாளில் விரித்ததுபோல் கிடந்தன. நான் கதிரையைப் பின்னால் தள்ளினேன். இன்னும் தள்ளினேன். அவ்வளவு தூரத்திலும் யன்னல் அளவுகளை வாசிக்க முடிந்தது.

"இதுதான் நானா."

"அப்பவே சொன்னேன்தானே?" என்று சிரித்தார். பிறகு திரை முழுவதையும் வெள்ளையாக்கி, எங்காவது எரியாத புள்ளி இருக்கிறதா என்று இரண்டு பேருமாகத் தேடினோம். பிறகு சிவப்பு, பச்சை, நீலம். தலையும் தலையும் முட்டுகிற அளவுக்குக் குனிந்து தேடினோம். ஒரு குறையும் இருக்கவில்லை. தேநீர் முடிந்தது. அவர் பெட்டியைக் கட்டித் தந்தார். "ஏதும் பிரச்சினை எண்டா எடுங்க" என்றார். பிரச்சினை வரக்கூடிய சாமான் இல்லை அது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

பஸ்ஸில் நடத்துனர் பெட்டியை முன்னுக்கு, சாரதிக்குப் பக்கத்தில் நிறுத்திக் கயிற்றால் கட்டினார். கிளிநொச்சியில் இறங்கி ஓட்டோவில் வீடு வந்தேன். அடுத்த நாள் காலையில் மேசையில் அதை நிமிர்த்தி வைத்துப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். பெருவிரல்கள் வரிசையாக வந்தன. "வாழ்த்துகள்" என்றது ஒன்று. பிறகு யாரோ ஒரு காணி அளவைப் பற்றிக் கேட்க, கதை அந்தப் பக்கம் போய்விட்டது. நான் "கீபோர்ட் எது நல்லது" என்று எழுதினேன். அனுப்பாமலே அழித்தேன்.

தலையிடி அந்தக் கிழமையே குறைந்துவிட்டது. ஆனால் மொனிட்டர் யன்னலை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு நின்றது.

அந்த யன்னலால் எனக்குத் தெரிந்த ஆள் ஒருத்தி இருந்தா. தெரிந்த ஆள் என்பதும் சரியில்லை. காலையில் சைக்கிளில் பின்னுக்குப் பால் கானைக் கட்டிக்கொண்டு போவா. அறுபதைத் தாண்டிய மனுசி. மிதிக்கும்போது இடது கால் கொஞ்சம் பிந்தும். அம்மா கட்டிலோடு கிடந்த காலத்தில் ஒருநாள் நான் யன்னலால் பார்த்துக்கொண்டு இருக்க, அவா கையைத் தூக்கினா. நானும் தூக்கினேன். அன்று தொடங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அவா கை தூக்குவா, நான் தூக்குவேன். ஒரு சொல்லும் பேசியதில்லை. அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்தாவோ என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. அன்று எத்தனையோ பேர் வந்தார்கள்.

மொனிட்டர் வந்தபிறகு அவாவைப் பார்க்கவேண்டும் என்றால் நான் எழும்பி நிற்கவேண்டும். முதல் நாள் எழும்பினேன். சைக்கிள் போய்விட்டிருந்தது. பிறகு அவசரமான ஒரு வரைபடம் வந்தது. நான் எழும்பவில்லை.

அப்படி ஒரு கிழமை போயிருக்கும். ஒருநாள் வாசல் படலையடியில் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது.

"பிள்ளை... பிள்ளை..."

வெளியே வந்தேன். அவாதான். சைக்கிளைப் பிடித்தபடி நின்று என்னை மேலும் கீழும் பார்த்தா.

"சுகமில்லையோ பிள்ளை?"

"இல்லையம்மா, நல்லா இருக்கிறன்."

"முகத்தைக் காணேல்லை. யன்னலுக்குள்ள கறுப்பாய் என்னவோ மறைச்சுக்கொண்டு நிக்குது. நான் நினைச்சன், வீட்டைப் பூட்டிப்போட்டு வெளிநாட்டுக்குப் போட்டியள் எண்டு."

திரும்பி யன்னலைப் பார்த்தேன். அந்தக் கறுப்பு என்னுடைய மொனிட்டரின் முதுகு. றோட்டிலிருந்து பார்த்தால் இந்த வீடு எப்படித் தெரியும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. உள்ளே வாங்கோ என்று கூப்பிட்டேன். பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிற வழிதான் என்று சொல்லி வந்தா. கதிரையில் இருக்கச் சொன்னேன். அவா இருக்காமல் திரைக்கு முன்னால் போய் நின்றா. கொழும்பில் கட்டப்போகிற ஒரு வீட்டின் மேல்மாடி அதில் விரிந்து கிடந்தது.

"இது என்ன?"

"வீடம்மா. நான்தான் கீறுறனான்."

"எத்தனை அறை?"

"அஞ்சு."

"குடும்பம் பெரிசோ?"

"புருசனும் பெண்சாதியும் மட்டும்."

அவா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. நானும் சிரித்தேன். அந்த வீட்டுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு காலம் என்று அப்போது நினைத்தேன். குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். தோட்டத்தில் பிடுங்கி வைத்திருந்த மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தரவோ என்று கேட்டேன். வேண்டாம், நேரமில்லை என்றா. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, சும்மா ஏதோ சொல்வதுபோலச் சொன்னா:

"மாடுகளைக் குடுத்திட்டன் பிள்ளை. வாங்கின ஆள் வாற மாதம் கொண்டுபோயிடுவார். மகளின்ர புருசனுக்கு வவுனியாவில வேலை. அவையோட வந்து இருக்கச் சொல்லுகினம். காலும் ஏலாது. இனி இந்தப் பக்கம் வரமாட்டன். சொல்லாமல் போனால் நீங்கள் தேடுவியளோ எண்டு..."

"தேடுவன்" என்றேன்.

அவா போனபின் அன்று நான் ஒரு கோடும் கீறவில்லை. பின்னேரம் கிளிநொச்சிக்குப் போய் நீளமான வயர் ஒன்று வாங்கிவந்து, மேசையைப் பக்கச் சுவரோடு தள்ளிப் போட்டேன். திரையில் வெளிச்சம் பட்டுப் பாதி நேரம் கண் கூசும். இருந்தாலும் கழுத்தைத் திருப்பினால் றோட்டுத் தெரியும். அவா மாடுகளோடு இருந்த மிச்ச நாட்களில் காலையில் சைக்கிள் வரும்போது எழும்பிப் போய் யன்னலடியில் நின்று கை தூக்கினேன். மழை பெய்தால் அவா கையைத் தூக்கமாட்டா. தலையை மட்டும் ஆட்டுவா. கடைசி நாள் ஒரு போத்தல் பாலைப் படலையில் தொங்கவிட்டுவிட்டு, மகளின் போன் நம்பரைச் சொன்னா. நான் நின்ற இடத்திலேயே போனில் பதிந்தேன். என்ன பெயரில் பதிவது என்று தெரியாமல் "பால் அம்மா" என்று போட்டேன்.

சித்திரை வெயிலில் ஒருநாள் அந்த நம்பருக்கு எடுத்தேன். மகள்தான் எடுத்தா.

"அம்மா கோயிலுக்குப் போட்டா. ஆர் எண்டு சொல்லுறது?"

பெயரைச் சொல்லலாம். ஆனால் என் பெயர் அவாவுக்குத் தெரியாது. "உருத்திரபுரத்தில, றோட்டுக்கரை வீட்டுப் பிள்ளை எண்டு சொல்லுங்கோ" என்றேன். மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆ, தாய் செத்த பிள்ளையோ? அம்மா சொன்னவா" என்றா.

அன்று பின்னேரமே பால் அம்மா திருப்பி எடுத்தா. குரலில் சந்தோசம் தெரிந்தது. சுகமோ என்று கேட்டா. சுகம் என்றேன். கால் எப்படி என்று கேட்டேன். அப்படியேதான் என்றா. மாடு வாங்கின ஆள் நல்லாய்ப் பார்க்கிறாராம். வவுனியாவில் சரியான வெக்கையாம். வீட்டுக்கு முன்னால் றோட்டே இல்லையாம், மற்ற வீட்டின் மதில்தானாம். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு பேருக்கும் கதை முடிந்துவிட்டது. போனுக்குள் யாரோ ஒரு குழந்தை அழுதது.

"சரி பிள்ளை, வைக்கிறன்" என்றா. "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ."

அதற்குப் பிறகு அவா எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. வவுனியாவுக்குப் போகிற நாட்களில் பார்த்துவிட்டு வரலாமே என்று நினைப்பதுண்டு. வீடு எந்தப் பக்கம் என்று கேட்காமல் விட்டுவிட்டேன். போன் எடுத்தால் கேட்கலாம். பஸ் நிலையத்தில் நிற்கும்போது நம்பரைத் திறந்து பார்ப்பேன். பிறகு கிளிநொச்சி பஸ் வந்துவிடும்.