சேகருக்கு நான் சொன்ன யோசனை

கீழ்க்கட்டளையில் நான் வாட்ச்மேனாக இருக்கும் அடுக்குமாடிக்கு எதிரே புதிதாக ஒரு கிளினிக் வந்திருக்கிறது. 'லேசர் முறையில் சுன்னத். வலி இல்லை. அன்றே வீடு திரும்பலாம்' என்று பேனர் கட்டியிருக்கிறார்கள். காலையில் கதவைத் திறந்தால் டெட்டால் வாசனை ரோட்டைத் தாண்டி வருகிறது. வந்தால் சேகர் ஞாபகம்.

அதற்கு முன்னால் சண்டே ஸ்கூலைச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் கிறிஸ்துமஸுக்கு எட்டாம் நாள், அதாவது புது வருஷத்தன்று, இயேசுவுக்கு விருத்தசேதனம் நடந்ததை வாசிப்பார்கள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியாது. டீச்சரிடம் கேட்டேன். "அதெல்லாம் வீட்ல போய் கேளு" என்றார். வீட்டில் கேட்டால் அம்மா, "டீச்சரையே கேளு" என்றாள். நானே ஆதியாகமத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஆண்டவர் ஆபிரகாமோடு உடன்படிக்கை செய்கிறார். அதற்கு அடையாளம் உடம்பில், நுனித்தோலை வெட்டுவது; பாய்மார் சுன்னத் என்பார்களே, அதுதான். செய்யாதவனுக்கு அந்த ஜனத்தில் இடமில்லை. ஆபிரகாமுக்கு அப்போது தொண்ணூற்றொன்பது வயசு. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

பிறகு குரோம்பேட்டைப் பக்கம் தோல்ஷாப்பில் வேலை. சுண்ணாம்பும் உப்பும் பச்சைத் தோலும் சேர்ந்து ஒரு நாற்றம். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. ஒரு சௌகரியம், பஸ்ஸில் எங்களுக்கு எப்போதும் சீட் கிடைக்கும்.

சேகர் என்னோடு வேலை பார்த்தவன். கடலோரக் குப்பத்து ஆள். "மீன வுட்டு தோலுக்கு வந்தேன். நாத்தம் மட்டும் வுடல" என்பான். அங்கே தோல் தரம் பிரிக்கிறவர் யூசுப் பாய். அவருக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவருவது அவர் மகள் ஜெரினா. சேகருக்கு அவளைப் பிடித்தது. அவளுக்கும்தான்.

"மச்சான், பாய் கைல எப்டி கேக்கறது? நான் அவங்க ஆளு இல்லியே."

"மொதல்ல சுன்னத் பண்ணிக்கோ. அது இல்லாம உள்ளயே வுட மாட்டாங்க."

"உனுக்கு எப்டி தெரியும்?"

"எங்க வேதத்துல கீது. அவங்களுக்கும் அதே ஆபிரகாம்தான்."

பக்கத்தில் இருந்த எல்லப்பன் சிரித்தான். "தோல்ஷாப்புக்கு வேலைக்கு வந்து சொந்தத் தோலக் குடுக்கறான் பாரு."

சேகர் சிரிக்கவில்லை. "நல்லா தெரியுமா?" என்று என்னைத்தான் கேட்டான். தெரியும் என்றேன்.

தாம்பரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். கையெழுத்து நான் போட்டேன். குப்பத்தில் இருந்த அம்மாவுக்கு, அவனுக்கு மஞ்சள்காமாலை என்று சொல்லி அனுப்பினோம். ஊரப்பாக்கத்தில் என் ரூமில் பதினைந்து நாள் லுங்கியோடு படுத்திருந்தான். பாயிடம் என்ன பேசுவது என்று சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகுவான். தப்பு வந்தால் முதலிலிருந்து தொடங்குவான்.

பதினாறாம் நாள் பள்ளிவாசலுக்குப் போனோம். அங்கே தொழுகை நடத்துகிற ஹஜ்ரத்துக்கு எங்கள் வயசுதான் இருக்கும். எல்லாவற்றையும் கேட்டார்.

"இத மொதல்ல பண்ணச் சொன்னது யாரு?"

"நான்தாங்க. ஆபிரகாம் தொண்ணூத்தொம்பது வயசுல..."

"எங்க ஹதீஸ்ல இப்ராஹீம் நபிக்கு எண்பது. அது கிடக்கட்டும். இது நபிமார் வழி, உடம்பு சுத்தம். செய்ய வேண்டியதுதான். ஆனா வாசப்படி இது இல்ல தம்பி. மனசார கலிமா சொன்னா அன்னிக்கே முஸ்லிம். இது அப்புறம் மெதுவா பண்ணிருக்கலாம்."

சேகர் என் பக்கம் திரும்பவில்லை. அங்கேயே உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்லக் கலிமா சொன்னான். கரீம் என்று பேர் வைத்தார்கள். நிறைய நேரம் ஆகவில்லை.

நேரே யூசுப் பாய் வீட்டுக்குப் போனோம். டீ கொடுத்தார். சேகர் பழகிவைத்ததில் பாதிகூடச் சொல்லவில்லை. பாய் கையை நீட்டி நிறுத்தினார்.

"பொண்ணு சொல்லிச்சுப்பா, ஒருத்தர் வந்து கேப்பாருன்னு. அஞ்சு நாள் பாத்தேன். நீ வரல. வேலைக்கும் வரல. வாணியம்பாடில பேசி முடிச்சுட்டோம். வாக்குக் குடுத்தாச்சு."

"ஒடம்பு சரியில்ல பாய்" என்றான் சேகர். டீயை முழுசாகக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது.

வெளியே வந்து, "என்னாலதாண்டா" என்றேன்.

"பஸ் வருது. ஏறு."

அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. ஜெரினா கல்யாணம் ஆகிப் போனாள். சேகர் வெள்ளிக்கிழமை தவறாமல் தொழப் போனான். கடைசி வரிசையில் நிற்பான். ஒருநாள் கேட்டேன், இன்னும் எதுக்குடா போற என்று.

"சொன்ன சொல்லு கீதே."

சில மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டான். எங்கே என்று என்னிடமும் சொல்லவில்லை.

தோல்ஷாப் மூடிப் பல வருஷம். அந்த இடத்தில் பத்து மாடி நிற்கிறது. நர்சிங் ஹோம் இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். போன மாதம் ஒரு லீவு நாளில் குப்பத்துக்குப் போய்ச் சேகரைக் கேட்டேன். வலை பிரித்துக்கொண்டிருந்த கிழவர், "அவன் பாயாயிட்டான்பா. இங்க வர்றதில்ல" என்றார். அங்கிருந்து பள்ளிவாசலுக்குப் போனேன். இப்போது வேறு ஹஜ்ரத்.

"எந்த கரீம்? நாலஞ்சு பேர் இருக்காங்க. அத்தா பேர் என்ன?"

சேகருடைய அப்பா பேரை நான் கேட்டதே இல்லை. தெரியாதுங்க என்று சொல்லிவிட்டு, வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்தேன்.